டி.எஸ்.எல்.ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு: எடையையும் கைப்பிடியையும் அளந்து பார்த்து மாறுவது எப்படி?

"வெயிட் எவ்வளவு குறையும்ணே?"

டி.எஸ்.எல்.ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, மாற நினைக்கும் கல்யாண போட்டோகிராஃபர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கும்போது பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) பெயரை மட்டும் சொல்வார்கள். என்ன லென்ஸ் மாட்டப்போகிறார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 100 கிராமும் குறையலாம், 600 கிராமும் குறையலாம், சில லென்ஸில் எடை கூடவும் செய்யும்.

நான் இரண்டு கேனன் 5டி மார்க் 4 பாடிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பல முகூர்த்த சீசன்களை ஓட்டியவன். மாறும்போது பாடியை முதலில் வாங்கினேன், பழைய லென்ஸ்களை, அவற்றைப் புதுப் பாடியோடு இணைக்கும் அடாப்டரில் மாட்டினேன். ஒரு சீசன் முழுக்க மணிக்கட்டு வலி அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் தராசை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் டீமில் இருக்கும் தம்பிகள் மாறியபோதும் இதே வரிசையில் தடுமாறினார்கள். அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: முதலில் வேலை, அடுத்து லென்ஸ், அடுத்து கை. பாடி கடைசியில்.

முன்கூட்டியே வேண்டியவை

5 கிலோ வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று. பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் லக்கேஜ் தராசு ஒன்று. ஒரு உருண்டைப் பென்சில், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. கடைசியாக எடுத்த மூன்று கல்யாணங்களின் ஒரிஜினல் ஃபைல்கள்.

கூடவே உங்கள் பேக், கடைசி வேலையிலிருந்து திரும்பி வந்த நிலையிலேயே. அதைச் சுத்தம் செய்துவிட்டு எடை போடாதீர்கள். பயன்படாத சார்ஜர், மறந்துபோன பழைய டிரிகர், மூன்றாவது ஃபிளாஷ் எல்லாம் உள்ளே இருக்கட்டும். நீங்கள் உண்மையில் சுமப்பது அதைத்தான்.

1. ஒரு வேலைநாளை மணிக்கணக்கில் எழுதுங்கள்

முதல் நாள் மாலை 6 மணிக்கு ரிசப்ஷன் தொடங்கி இரவு பத்தரை வரை. மறுநாள் காலை நாலரைக்கு மணப்பெண் அலங்காரம், முகூர்த்தம், பந்தி, மேடையில் குடும்பப் படங்கள், மதியம் ஒன்றரை. நடுவே தூக்கம் நான்கு மணி நேரம் கிடைத்தால் அதிகம். இப்படி உங்கள் நாளை எழுதுங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: கேமரா கண்ணில் இருந்த நேரம், கையில் தொங்கிய நேரம், தோளில் கிடந்த நேரம். உங்களால் குறிக்க முடியாது, அசிஸ்டென்ட்டைக் குறிக்கச் சொல்லுங்கள்.

நான் இதைச் செய்தபோது எனக்கே ஆச்சரியம். கண்ணில் வைத்திருந்த நேரம் கொஞ்சம்தான். அடுத்த சடங்குக்காகக் காத்துக்கொண்டு, வலது கையில் கிரிப்பைப் பிடித்தபடி கேமராவைத் தொங்கவிட்டு நின்ற நேரம்தான் பெரும்பகுதி. படம் எடுக்கும்போது இடது கை லென்ஸைத் தாங்குகிறது, முழங்கை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. காத்திருக்கும்போது மொத்த எடையும் வலது கை விரல்களிலும் மணிக்கட்டிலும் விழுகிறது. வலி அங்கேதான் பிறக்கிறது.

இந்தக் கணக்கு ஏன் முதலில் வேண்டும்? தொங்கும் நேரம் அதிகமென்றால் உங்களுக்கு வேண்டியது ஆழமான கிரிப்பும் நல்ல ஸ்ட்ராப்பும். தோளில் கிடக்கும் நேரம் அதிகமென்றால் வேண்டியது மொத்த எடைக் குறைப்பு. இரண்டுக்கும் வாங்க வேண்டிய பொருள் வேறு.

2. இருப்பதைத் தனித்தனியாக எடை போடுங்கள்

பாடியைப் பேட்டரி, கார்டோடு வையுங்கள். லென்ஸை ஹுட், ஃபில்டரோடு வையுங்கள். ஃபிளாஷைச் செல்லோடு வையுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு முழு பேக்கையும் லக்கேஜ் தராசில் தொங்கவிடுங்கள்.

ஸ்பெக் தாளை மட்டும் நம்பினால் இங்கே ஏமாறுவோம். ஒரே கேமராவுக்கு இரண்டு எடை போட்டிருப்பார்கள். 5டி மார்க் 4 வெறும் பாடியாக 800 கிராம், பேட்டரி, கார்டோடு 890. கேனனின் மிரர்லெஸ்ஸான ஆர்5 வெறும் பாடி 650, பேட்டரி, கார்டோடு 738. ஒன்றின் பெரிய எண்ணையும் மற்றதன் சிறிய எண்ணையும் எடுத்துக் கழித்தால் 240 கிராம் மிச்சம் என்று தோன்றும். உண்மையில் மிச்சம் 152.

பெரிய ஜூம் லென்ஸ்களுக்குப் பல நேரம் டிரைபாட் வளையம் இல்லாத எடையைத்தான் போடுகிறார்கள். வளையத்தைக் கழற்றாமல் பயன்படுத்துபவர் என்றால் அதையும் சேர்க்க வேண்டும்.

ஃபிளாஷை விட்டுவிடாதீர்கள். பெரிய ஃபிளாஷ் ஒன்று செல்லோடு அரைக் கிலோவைத் தாண்டும், அதுவும் கேமராவின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அந்த எடை பக்கவாட்டில் சாய்ந்து மணிக்கட்டை முறுக்கும். பாடி இலேசாக ஆக ஆக இந்த முறுக்கு கையில் அதிகமாகத் தெரியும்.

3. லென்ஸ் பட்டியலை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று கல்யாணங்களின் ஃபைல்களை லைட்ரூமில் திறந்து லென்ஸ் வாரியாக ஃபில்டர் போடுங்கள். ஆல்பத்துக்குத் தேர்வான படங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்த லென்ஸ் எத்தனை படம், ஜூமில் எந்த ஃபோக்கல் நீளம் அதிகம் என்று பாருங்கள்.

எனக்கு வந்த விடை எளிமையானது. 24-70 மி.மீ. ஜூம் இல்லாமல் வேலை இல்லை. 70-200 இரண்டாவது. 50 எஃப் 1.2 மீது எனக்கு உயிர், ஆனால் ஆல்பத்தில் அதன் பங்கு விரல்விட்டு எண்ணக்கூடியது. அப்படிப்பட்ட லென்ஸை இந்தக் கட்டத்தில் அடையாளம் காணாவிட்டால், புது மவுண்டிலும் (லென்ஸ் மாட்டும் இடம்) அதையே வாங்கிப் பேக்கை நிரப்புவீர்கள்.

பாடியை ஏன் இப்போது பேசக் கூடாது என்றால், கடைசியில் நீங்கள் கையில் பிடிக்கும் எடையில் பாதிக்கு மேல் லென்ஸ்தான். அடுத்த கணக்கைப் பாருங்கள்.

4. பாடியும் லென்ஸும் சேர்ந்த ஜோடியாகக் கணக்குப் போடுங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். கீழே உள்ள பாடி எடைகள் பேட்டரி, கார்டோடு. லென்ஸ் எடைகள் தயாரிப்பாளர் தருபவை. எல்லாம் கிராமில். இஎஃப் என்பது கேனனின் டி.எஸ்.எல்.ஆர் லென்ஸ் வரிசை, ஆர்எஃப் அதன் மிரர்லெஸ் வரிசை.

5டி மார்க் 4 (890) மீது இஎஃப் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு (805). மொத்தம் 1695 கிராம். இதற்கு மாற்று, ஆர்6 மார்க் 2 (670) மீது ஆர்எஃப் 24-70 எஃப் 2.8 (900). மொத்தம் 1570. பாடியில் 220 கிராம் மிச்சமானது, லென்ஸ் 95 கிராமைத் திருப்பி எடுத்துக்கொண்டது. மிச்சம் 125. புது லென்ஸில் கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, பழையதில் இல்லை. அந்த 95 கிராமுக்குப் பதிலாக ஒன்று கிடைக்கிறது. ஆனாலும் கைக்கு இது பெரிய மாற்றமல்ல.

இப்போது 70-200. 5டி மார்க் 4 மீது இஎஃப் 70-200 எஃப் 2.8 மூன்றாம் பதிப்பு (1480) மாட்டினால் 2370. ஆர்6 மார்க் 2 மீது 2019-இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 (1070) மாட்டினால் 1740. மிச்சம் 630 கிராம். முகூர்த்த நேரத்தில் ஒரு மணி நேரம் இந்த லென்ஸைப் பிடித்து நிற்பவருக்கு இது வாழ்க்கையை மாற்றும் வித்தியாசம்.

இரண்டு ஜோடிகளையும் இரு தோளிலும் போடும் ஹார்னஸில் மாட்டினால் பழையது 4065, புதியது 3310. தோளில் 755 கிராம் குறைகிறது, அதில் பெரும்பங்கு ஒரே ஒரு லென்ஸால் வந்தது.

நிக்கானில் கதை வேறு. டி.எஸ்.எல்.ஆரான டி850 (1005) மீது ஸ்டெபிலைசர் உள்ள 24-70 எஃப் 2.8 (1070) போட்டால் 2075. மிரர்லெஸ்ஸான இசட்7 (675) மீது இசட் 24-70 எஃப் 2.8 எஸ் (805) போட்டால் 1480. ஏறத்தாழ 600 கிராம் மிச்சம். கேனனில் வெறும் 125 கிராம் கொடுத்த அதே ஃபோக்கல் நீளம் இங்கே இவ்வளவு கொடுக்கிறது. நண்பனுக்குக் குறைந்ததால் நமக்கும் குறையும் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இசட் லென்ஸில் ஸ்டெபிலைசர் இல்லை, அந்த வேலையை பாடி செய்கிறது. எடை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எடை கூடும் இடமும் உண்டு. இஎஃப் 50 எஃப் 1.2 சுமார் 580 கிராம், ஆர்எஃப் 50 எஃப் 1.2 லென்ஸோ 950. படத்தின் தரம் எங்கேயோ போய்விட்டது, உண்மைதான். எடையும் கூடவே ஏறிவிட்டது.

சோனியில் லென்ஸின் தலைமுறையைப் பாருங்கள். 24-70 எஃப் 2.8 ஜிஎம் முதல் பதிப்பு 886 கிராம், இரண்டாவது 695. 70-200 ஜிஎம் முதலாவது 1480, இரண்டாவது 1045. செகண்ட்ஹேண்டில் முதல் பதிப்பு விலை குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், எடையில் டி.எஸ்.எல்.ஆர் காலத்திலேயே நிற்பீர்கள்.

பறவைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. டி850 மீது 500 எஃப் 5.6 பிஎஃப் (1460) மாட்டினால் 2465 கிராம். அதே லென்ஸை இசட்8 (910) மீது இரண்டாம் பதிப்பு எஃப்டிஇசட் அடாப்டரோடு (125) மாட்டினால் 2495. எடைக்காக மாறினால் 30 கிராம் நட்டம். பறவையின் கண்ணை விடாமல் பின்தொடரும் ஃபோகஸுக்காக மாறினால் அது வேறு காரணம், நல்ல காரணமும்கூட. எதற்காக மாறுகிறோம் என்பதைக் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலாகக் கேமரா வாங்குபவர்கள் இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடக்கலாம். கேனன் 200டி மார்க் 2 449 கிராம், ஆர்50 375 கிராம். 74 கிராம் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நேராக 7-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

5. அடாப்டரை வாழ்நாள் வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்

என் முதல் தவறு இதுதான். கேனனின் இஎஃப் அடாப்டர் 110 கிராம். 5டி மார்க் 4-லிருந்து ஆர்6 மார்க் 2-க்குப் போய், பழைய லென்ஸ்களையே வைத்துக்கொண்டால், பாடியில் மிச்சமான 220-இல் பாதி அடாப்டரிலேயே போய்விடும். 70-200 ஜோடி 2370-லிருந்து 2260-க்குத்தான் இறங்கும்.

அதைவிட முக்கியம் நீளம். கண்ணாடி இருந்த இடம் காலியாகிவிட்டதால் மிரர்லெஸ்ஸில் மவுண்டிலிருந்து சென்சாருக்கான தூரம் குறைவு. இஎஃப் மவுண்டில் 44 மி.மீ., ஆர்எஃப்-இல் 20 மி.மீ. அடாப்டர் அந்த 24 மி.மீ. இடைவெளியை நிரப்புகிறது. நிக்கானில் 46.5-லிருந்து 16, அதாவது 30.5 மி.மீ. பழைய லென்ஸ் அவ்வளவு தூரம் பாடியை விட்டு முன்னால் போய் நிற்கிறது, பின்னால் இருந்த பாடியோ இலேசாகிவிட்டது. எடை குறைந்தும் மூக்கு தாழ்வதாகக் கை உணர்வது இதனால்தான்.

அடாப்டரை ஒன்றிரண்டு சீசனுக்கான பாலமாக வாங்குங்கள். அதிகம் பயன்படும் லென்ஸை அடாப்டரில் விட்டுவைக்காதீர்கள். நிக்கான்காரர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும்: பாடியிலுள்ள மோட்டாரால் ஃபோகஸ் ஆகும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது.

6. சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

மேஜையில் மடித்த துண்டை விரித்து அதன் மேல் பென்சிலைக் குறுக்காக வையுங்கள். லென்ஸ் மாட்டிய கேமராவை, லென்ஸின் அடிப்பாகம் பென்சிலில் படுமாறு, கையை விடாமல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்தப் பக்கமும் சாயாத இடம் சமநிலைப் புள்ளி. அங்கே ஒரு சின்ன டேப் ஒட்டி, கிரிப்பின் நடுவிலிருந்து அதற்குள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

மணிக்கட்டு உணர்வது எடையை மட்டுமல்ல, எடையையும் இந்தத் தூரத்தையும் பெருக்கி வரும் சுமையை. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 1570 கிராம் ஜோடியில் புள்ளி 9 செ.மீ. முன்னால் இருந்தால், 1695 கிராம் ஜோடியில் 7 செ.மீ. முன்னால் இருப்பதைவிட ஒற்றைக் கைக்கு அது அதிகம் வலிக்கும்.

புள்ளி லென்ஸின் மேல் விழுந்தால் பதறவேண்டாம். இரண்டு கையால் எடுக்கும்போது இடது உள்ளங்கை சரியாக அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் போதும், வலது கைக்குப் பட்டனை அழுத்தும் வேலை மட்டுமே மிஞ்சும். டேப் ஒட்டச் சொன்னது அதற்காகத்தான். புதிதாக வருபவர்கள் பாடியின் அடியில் இடது கையை வைத்து, லென்ஸை அந்தரத்தில் விடுகிறார்கள். டி.எஸ்.எல்.ஆரின் கனமான பாடி இந்தத் தவறைக் கொஞ்சம் மன்னித்துவிடும். மிரர்லெஸ் மன்னிக்காது.

ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். பழைய இஎஃப் 70-200 ஜூம் செய்தால் நீளாது, புள்ளி கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். நான் கணக்கில் சொன்ன ஆர்எஃப் 70-200 வெளியே நீள்கிறது, 200-இல் புள்ளி முன்னால் ஓடுகிறது. 410 கிராம் குறைந்ததற்குக் கொடுத்த விலைகளில் இது ஒன்று. நான் மகிழ்ச்சியோடு கொடுத்தேன், ஆனால் இடது கையை நகர்த்தப் பழக இரண்டு கல்யாணம் ஆனது.

7. பிடிப்புச் சோதனை: பத்து நிமிடம், உங்கள் சொந்த லென்ஸோடு

கடையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கிட் லென்ஸ் மாட்டிய டிஸ்ப்ளே பீஸை எடுத்து, அரை நிமிடம் பார்த்து, "அட, காத்து மாதிரி இருக்கே" என்று வைப்பது. அரை நிமிடத்தில் எந்தக் கிரிப்பும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கனமான லென்ஸை எடுத்துப் போங்கள், அல்லது அதற்கு இணையானதை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சுண்டுவிரல். அது கிரிப்பில் இருக்கிறதா, பாடிக்குக் கீழே தொங்குகிறதா? சோனி ஏ7 மார்க் 3 போன்ற குட்டையான பாடிகளில் பெரிய கைக்காரர்களுக்குத் தொங்கும். தொங்கினால் எடையை நான்கு விரலுக்குப் பதில் மூன்று தாங்குகிறது, மோதிரவிரல் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அடுத்து, கிரிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள சந்து. பருமனான லென்ஸை மாட்டியபின் விரல் கணுக்கள் அதில் நெருக்குகின்றனவா என்று பாருங்கள். வெறும் பாடியில் இது தெரியவே தெரியாது. லென்ஸோடு பார்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இந்தச் சந்துதான்.

மூன்றாவது கட்டைவிரல். பின்பக்கம் ஃபோகஸ் செய்யும் ஏஎஃப்-ஆன் பட்டனையும் ஜாய்ஸ்டிக்கையும் தொட, பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கிறதா? ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கான முறை தொடப்போகிற பட்டன் அது. ஒவ்வொரு முறையும் பிடி தளர்ந்து இறுகினால் கட்டைவிரலின் அடித் தசையில் வலி வரும்.

நான்காவதாகக் கையைத் தொங்கவிடுங்கள். வலது கையால் மட்டும் பிடித்து, லென்ஸ் தரையைப் பார்க்க, மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். 1-ஆம் படியில் கண்டுபிடித்தோமே, அந்தக் காத்திருப்பு. இறுக்கிப் பிடிக்காமல், விரல் நுனிகள் கொக்கிபோல் மாட்டிக்கொண்டாலே கேமரா நிற்கிறதென்றால் கிரிப் நல்ல ஆழம். அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும் என்றால், சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில், ஏசி இல்லாத மண்டபத்தில், ஹோமப் புகை நடுவே வியர்த்த கையோடு அது நழுவும். வீட்டில் கையை ஈரமாக்கித் துடைத்துவிட்டுப் பிடித்தால் அந்த நிலை ஓரளவு புரியும்.

சுண்டுவிரலுக்காகக் கீழே மாட்டும் தட்டையான எக்ஸ்டென்ஷன் நல்ல தீர்வு, எடையும் அதிகமில்லை. பேட்டரி கிரிப் அப்படியல்ல. பிடிமானம் அருமையாக இருக்கும், ஃபிளாஷோடு செங்குத்துப் படம் எடுக்கும்போது மணிக்கட்டு முறுக்கும் குறையும், ஆனால் மாறியதால் பாடியில் மிச்சமான எடையை அது அப்படியே விழுங்கிவிடும். நாள் முழுக்கச் செங்குத்தாக எடுப்பவர் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

இலேசான பாடி வேண்டும் என்று ஆர்8 பக்கம் போகிறவர்களும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். 461 கிராம்தான். பதிலுக்குச் சிறிய எல்பி-இ17 பேட்டரி, பாடியில் ஸ்டெபிலைசர் கிடையாது. கனமான கேமரா தன் எடையாலேயே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கும். இலேசான பாடியில் அந்த வேலையை ஸ்டெபிலைசர்தான் செய்ய வேண்டும்.

8. கண்ணுக்கும் முதுகுக்கும் ஒரு சோதனை

முதலில் வியூஃபைண்டர் பக்கத்திலுள்ள சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே தெரியும் எழுத்துகள் கூர்மையாகும்வரை சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் "எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் கண்ணை வலிக்குது" என்று திரும்பி வந்தவர்கள் எங்கள் டீமிலேயே இருவர். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் நான்கு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் தலையை அசைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இருட்டான மண்டபத்தில் வியூஃபைண்டர் வெளிச்சத்தை ஆட்டோவில் விடாமல் ஒரு படி குறைத்து வையுங்கள். மேடையின் எல்இடி வெளிச்சத்துக்கும் உள்ளே ஒளிரும் சின்னத் திரைக்கும் இடையே கண் மாறி மாறிப் போவதுதான் இரவு பத்து மணித் தலைவலியின் காரணம்.

ஃபிளாஷ் போட்டு மேனுவலில் எடுக்கும்போது வியூஃபைண்டர் கும்மிருட்டானால் கேமரா கெட்டுவிடவில்லை. படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று முன்கூட்டியே காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள்.

மிரர்லெஸ் உடம்புக்குச் செய்யும் பெரிய உபகாரம் எடையில் இல்லை என்று நான் நினைக்கிறேன். அது மடங்கும் திரையில் இருக்கிறது. கண்ணில் வைத்தாலும் திரையில் பார்த்தாலும் ஃபோகஸ் ஒரே வேகத்தில், முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கிறது. பாத பூஜையின்போது தரையில் மண்டியிடாமல் இடுப்பளவில் கேமராவை வைத்து எடுக்கலாம். ஒரு நாளில் முப்பது, நாற்பது முறை மண்டியிட்டு எழுந்த முழங்காலுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கையை முன்னால் நீட்டித் திரையைப் பார்க்காதீர்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும், கேமரா வயிற்றுக்கு அருகில் இருக்கட்டும். நீட்டிய கையில் ஒன்றரைக் கிலோ, மடக்கிய கையில் மூன்று கிலோவைவிட மோசம்.

9. பேட்டரியை எடைக் கணக்கில் சேருங்கள்

டி850 ஒரு சார்ஜில் 1840 படம், இசட்7 330 படம் என்பது ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிஐபிஏவின் சோதனை அளவு. 5டி மார்க் 4-க்கு 900, ஆர்5-க்கு வியூஃபைண்டரில் 320. பயந்துவிடாதீர்கள், அந்தச் சோதனை விட்டு விட்டு எடுக்கும் முறையில் நடப்பது, நாம் தொடர்ச்சியாக எடுக்கும்போது இதைவிட நிறையவே வரும். இருந்தாலும் விகிதம் உண்மை. டி.எஸ்.எல்.ஆர் வியூஃபைண்டர் வெறும் கண்ணாடி, அதில் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் மின்சாரம் ஏறக்குறைய செலவாகாது. மிரர்லெஸ்ஸில் காத்திருப்பதும் செலவு.

இந்த வகைப் பேட்டரி ஒன்று சுமார் 80 கிராம். இரண்டு பாடிக்கு முன்பு இரண்டு உபரி வைத்திருந்தவர் இப்போது நான்கு வைப்பார். 160 கிராம் கூடுகிறது. 24-70 மட்டும் வைத்திருப்பவருக்கு மிச்சமான 125-உம் பேக் கணக்கில் போயே போய்விட்டது. கையில் இல்லையே, பேக்கில்தானே என்பது சரிதான், ஆனால் மொத்தத்தை எழுதிவைத்தால்தான் பின்னால் ஏமாற்றம் இராது. விமானத்தில் வெளியூர் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு உள்நாட்டில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான் அனுமதி, அங்கே ஒவ்வொரு 80 கிராமும் கணக்கு.

பழைய எல்பி-இ6 வகைப் பேட்டரிகள் ஆர்6-இலும் வேலை செய்யும், தொடர் வேகம் குறையலாம். புதியதை முகூர்த்தத்துக்கும் பழையதைப் பந்திக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மிச்சத்துக்காக ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தைக் குறைத்தால் ஒரு பழக்கம் வேண்டும்: கேமராவைக் கண்ணுக்குத் தூக்கத் தொடங்கும்போதே ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். தூக்கியபின் அழுத்தினால் அது விழிப்பதற்குள் கெட்டிமேளம் முடிந்துவிடும்.

10. ஒரு கல்யாணம் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள்

சென்னை, கோவை போன்ற ஊர்களில் பாடியும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நீங்கள் மெயின் போட்டோகிராஃபராக இல்லாத வேலையில் ஓட்டுங்கள். பொறுப்பு தலையில் இருக்கும்போது புதுப் பட்டன்களைத் தேடக் கூடாது.

தவறும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. 5டி மார்க் 4-இல் ஆன்-ஆஃப் இடது பக்கம். ஆர்6 மார்க் 2-இல் அது வலப்பக்கம் போய்விட்டது, இடது பக்கத்தில் போட்டோ-வீடியோ மாற்றும் சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. பழக்கத்தில் இடது கை அதைத் தள்ளும், கேமரா வீடியோவுக்குப் போய்விடும். கேனனிலிருந்து நிக்கானுக்குப் போனால் லென்ஸ் மாட்டும் திசையும் ஜூம் சுழலும் திசையும் எதிரெதிர். சைலண்ட் ஷட்டரை எல்இடி மேடை வெளிச்சத்தில் சோதிக்காமல் போட்டால் படத்தில் கோடு கோடாக விழலாம்.

வேலை முடிந்த அன்று இரவே மூன்று வரி எழுதுங்கள்: எந்த விரல், எந்த மூட்டு, எத்தனை மணிக்கு வலிக்கத் தொடங்கியது. மறுநாள் காலைக்கும் ஒரு வரி. தூங்கி எழுந்தபின்னும் விரல்கள் மரத்துப்போயிருந்தால், அல்லது இரவில் கை மரத்து விழிப்பு வந்தால், கேமரா மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

11. வாங்கும் வரிசை

அதிகம் வலிக்கும் ஜோடியை முதலில் மாற்றுங்கள். கேனன்காரருக்குப் பெரும்பாலும் அது 70-200. ஒரு பாடியும் அந்த லென்ஸும் சேர்த்து வாங்கி, 24-70-ஐப் பழைய டி.எஸ்.எல்.ஆரிலேயே ஒரு சீசன் விட்டுவையுங்கள். அடாப்டர் தேவையே இல்லை, இரண்டு பாடியும் வேலை செய்யும். பழைய கிட் மொத்தத்தையும் விற்ற பணத்தில் புது பாடி வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. லென்ஸுக்குப் பணம் மிஞ்சாது, மூன்று வருடம் அடாப்டரோடு கிடப்பார்கள்.

ஸ்ட்ராப்பை அதே வாரத்தில் மாற்றுங்கள். பெட்டியோடு வரும் கழுத்துப் பட்டை 1700 கிராமுக்கு ஆனதல்ல. ஒரு பாடி என்றால் குறுக்கே போடும் ஸ்லிங், இரண்டு என்றால் இரண்டு தோளுக்கும் பிரிக்கும் ஹார்னஸ். கனமான ஜோடியை வலது பக்கம் போடாமல் இடப்பக்கம் போட்டுப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் கேமராவைக் கையில் வைத்திருக்காமல் ஸ்ட்ராப்பில் விடப் பழகினால், என் அனுபவத்தில், அந்த ஒரு பழக்கம் 600 கிராம் குறைந்ததற்கு ஈடு.

மாறத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கணக்கில் ஜோடி எடை 150 கிராமுக்குள்தான் குறைகிறது, கைப்பிடிச் சோதனையில் பழைய பாடியே நன்றாக உட்காருகிறது, மண்டியிடும் வேலையும் அதிகமில்லை என்றால், அந்தப் பணத்தில் நல்ல ஹார்னஸும் இரண்டாவது அசிஸ்டென்ட்டும் வையுங்கள்.

மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து பேக்கை மீண்டும் லக்கேஜ் தராசில் தொங்கவிடுங்கள். எங்கள் டீமில் மூன்று பேரின் பேக் பழைய எடைக்கே திரும்பியிருந்தது. மிச்சமான இடத்தில் 85 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வீடியோ லைட் ஒன்றும் ஏறியிருந்தன. 3-ஆம் படியில் எழுதிய லென்ஸ் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, அதில் இல்லாததை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி எடை போடுங்கள்.